சிறு நகர்ப்பூங்காவும் அதற்குரியோரும்

பூங்கா என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் தோன்றுவன, ஒழுங்குபெறக் கத்தரித்த பசும்புற்றரையும், வட்டவடிவான பூம்பாத்திகளும், அவற்றைச் சூழ்ந்த இரும்புவேலியும், 'புல்லின்மேல் நடவாதீர்' என்னும் பலகையுமேயாம். இத்தகைய பூங்கா ஒன்றினுள் ஒரு நாழிகைப்பொழுது அமர்ந்து உற்றுநோக்குவார்க்கு இரண்டு செய்திகள் புலனாகும். பூக்கள் பலவாயிருப்பினும் அவற்றை நாடிவரும் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் மிகச் சிலவே என்பது ஒன்று. வாயில் திறந்திருப்பினும் உள்ளே வந்து தங்குவோர் ஒருசார் மக்களே என்பது மற்றொன்று. காலைதொட்டு அத்தெருவைப் பெருக்கிய தொழிலாளி, வேலிக்கு வெளியே நடைபாதை விளிம்பில் அமர்ந்து தம் சோற்றுப்பாத்திரத்தைத் திறக்கின்றார். முதுகு வளைந்த பாட்டியார் வாயிற்படி மூன்றையும் ஏறமாட்டாது திரும்புகின்றார்.

இவ்விரு குறைகளும் தம்முள் தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஆயினும் அவற்றின் காரணம் ஒன்றே என்பது எம் கருத்து. காண்பதற்கென்று ஆக்கிய பூங்கா வேறு. வாழ்வதற்கென்று ஆக்கிய பூங்கா வேறு. முன்னையதில் பூச்சிக்கும் இடமில்லை, ஏழைக்கும் இடமில்லை. பின்னையதைச் சிறிய அளவில், ஏறத்தாழ அரை ஏக்கர் நிலத்தில், அதாவது ஒன்பது மனை அளவில், ஒரு நகரின் நடுவே அமைக்குமாறு எங்ஙனம் என்பதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண், பூச்சிகளின் தொழிலைச் சிறிது நோக்குவாம். ஒரு பூவின் மகரந்தத்தூள் தன்னினத்துப் பிறிதொரு பூவின் சூல்முடியை அடைந்தாலன்றிப் பெரும்பாலான செடிகள் காயா, வித்தும் தாரா. சோளம் முதலிய புல்லினங்களுக்குக் காற்றே இத்தொண்டினைச் செய்துவிடுகின்றது. ஏனையவற்றுட் பல, சிற்றுயிர்களை எதிர்நோக்கி நிற்பன. உலகில் மாந்தர் பெரிதும் பயிரிடும் உணவுப்பயிர் வகைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஓரளவேனும் பூச்சி, பறவை, வௌவால் ஆகியவற்றின் உதவியை வேண்டுவன என்று 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. விளைச்சலின் எடையை நோக்கின் இப்பங்கு ஏறத்தாழ 35 விழுக்காடாகக் குறையும். நெல்லும் கோதுமையும் பூச்சியை வேண்டாமையே இதற்குக் காரணம். பூச்சிகள் அற்றால் மாந்தர் அனைவரும் பட்டினி கிடந்து மடிவர் என்று சிலர் உரைப்பது மிகையேயாம். சோறு கிடைக்கும், கறியும் கனியும் அரியவாகும் என்பதே உண்மைக்கு அணித்து.

தேனீ என்றவுடன் கூட்டையும் தேனையும் நினைக்கின்றோம். நம் நாட்டில் தேனடை கட்டுவனவற்றுள் உயர்ந்த மரக்கிளைகளிலும் கட்டடங்களிலும் பேரடை தொங்கவிடும் மலைத்தேனீயும், பொந்துகளில் அடுக்கடுக்காய் அடைகட்டும் அடுக்குத்தேனீயும், புதரிற் கையகலத்து அடை வைக்கும் கொம்புத்தேனீயும், சுவர்ப் பிளவுகளில் வாழும் கொட்டாத கொசுத்தேனீயும் யாவரும் அறிந்தன. உலகில் இதுகாறும் பெயரிடப்பட்ட தேனீ இனங்களோ ஏறத்தாழ 20,000. இவற்றுட் பெரும்பாலன கூட்டமாய் வாழ்வனவல்ல, தேனும் சேர்த்துவைப்பனவல்ல. ஒவ்வொரு பெண்ணீயும் தனித்தனியே மண்ணில் வளை தோண்டியோ, உளுத்த மரத்தைத் துளைத்தோ முட்டையிட்டு, ஒரு சிறு மகரந்த உருண்டையை உடன்வைத்து, வாயிலை அடைத்துவிட்டுச் சென்றுவிடும். இவ்வெளிய உயிர்களைப் பேசுவார் இலர்.

ஆயினும் இவை செய்யும் தொண்டினைத் தேன்கூட்டீக்கள் செய்யமாட்டா. கத்தரிப்பூவை எடுத்துப் பாருங்கள். அதன் மகரந்தப்பைகள் நீளவாட்டில் வெடித்துத் தூளை உதிர்ப்பனவல்ல. உச்சியில் ஊசிமுனை போன்ற துளையொன்று உண்டு. உப்புக்கிண்ணத்தைக் கவிழ்த்து ஆட்டினாற்போல அதனை அதிரச்செய்தாலன்றித் தூள் வெளிப்படாது. வயிற்றில் நீலப்பட்டைகள் உடைய ஒருவகைத் தனித்தேனீயும், கரிய பெரிய தச்சுத்தேனீயும் அப்பூவைக் கால்களாற் பற்றிக்கொண்டு, இறகை அசையாது நிறுத்தி, மார்புத்தசையை மட்டும் விரைவாய் நடுக்கும். அப்போது எழும் உரத்த ரீங்காரத்தை யாம் பலகால் கேட்டிருக்கின்றோம். தூள் புகைபோல உதிர்ந்து ஈயின் வயிற்றிற் படியும். தக்காளிக்கும் ஆவாரைக்கும் இம்முறையே. அடைகட்டும் தேனீயினங்கள் இவ்வித்தையை அறியா. ஆகலின், தேனீப்பெட்டிகள் சிலவற்றை வாங்கிவைத்துவிட்டால் பூச்சியினத்தைக் காத்தவராவோம் என்று கருதுவது பிழை. இலண்டன் நகரின் சில பகுதிகளில் பெட்டித்தேனீக்கள் மிகுந்து, கிடைக்கும் பூந்தேன் அவற்றிற்கே போதாமற்போய்க் காட்டுத்தேனீக்களுக்கு இடுக்கண் நேரக்கூடும் என்று கியூ தாவரத் தோட்டத்தார் 2020-இல் எச்சரித்தனர்.

வண்ணத்துப்பூச்சிக்கோ பூமட்டும் போதாது. அதன் வாழ்நாளின் முற்பகுதி புழுவாய்க் கழிவது. ஒவ்வோரினத்துப் புழுவும் தனக்கென்று விதித்த சில இலைகளையே தின்னும். பிறவற்றைத் தின்னாது பட்டினி கிடந்து இறக்கும். ஆகவே பூவிரித்து அழைத்துவிட்டு இலை வைக்காத பூங்கா, விருந்தினரை வாசலில் நிறுத்திப் பானகம் மட்டும் கொடுத்து அனுப்பும் வீட்டை ஒக்கும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நட்டால் நீண்ட சிறகுடைய கரிய பூச்சிகள் வந்து முட்டையிடும். அவற்றின் இளம்புழு காக்கை எச்சம் போலவே கிடந்து பறவைகளை ஏய்க்கும். கொன்றையும் தகரையும் வெளிர்மஞ்சட் பூச்சிகளுக்கு உணவு. ஆமணக்கில் ஓரினம், சிறுபூனைக்காலிக் கொடியில் ஓரினம், ஆடுதின்னாப்பாளையில் செந்நிறவுடலுடைய அழகிய ஓரினம்.

எருக்கின் கதை தனியே சொல்லத்தக்கது. வீட்டருகே இருக்கலாகாதென்று நாம் ஒதுக்கும் எருக்கின் பாலில் நஞ்சுண்டு. செம்மஞ்சட் சிறகின் ஓரம் கருமையும் வெண்புள்ளியும் உடைய பூச்சியொன்றின் புழு அவ்விலையையே தின்று, அந்நஞ்சினைத் தன்னுடலிற் சேமித்துக்கொள்ளுகின்றது. ஒருகால் அதனைத் தின்ற பறவை கக்கிவிட்டு மறுகால் தீண்டாது. இதனை அறிந்ததுபோல, நஞ்சேயில்லாத வேறோரினத்தின் பெண்பூச்சி அதே நிறமும் அதே வடிவும் பூண்டு பிழைக்கின்றது. இதன் ஆணோ கருஞ்சிறகில் வெள்ளைவட்டம் உடையது; இரண்டும் ஓரினம் என்று நம்புதல் அரிது. இப்போலிப்பூச்சி முட்டையிடுவது தரையிற் படரும் பருப்புக்கீரையில். ஓர் எருக்கும் ஒருபிடிக் கீரையும் ஒரு மூலையில் இருப்பின் இந்நாடகம் முழுவதையும் மாணாக்கர் கண்முன்னே காணலாம். பூங்காத் தோட்டக்காரர் இரண்டையும் களையென்று பிடுங்கிவிடுவதே வழக்கம்.

ஆகவே செடித்தேர்வில் வேண்டுவது அலங்காரமன்று, அறிவு. தும்பை, துத்தி, ஆவாரை, நொச்சி, வெட்சி, கிலுகிலுப்பை, துளசி ஆகிய இவை விலை மலிந்தன. நீரும் மிக வேண்டா. நிழலுக்குப் புங்கு, கொன்றை, இடமிருப்பின் ஓர் இலுப்பை. இலுப்பைப்பூ இரவில் வௌவாலால் சூல்கொள்ளுவது. பப்பாளியோ அந்திவேளையிற் பறக்கும் பருந்து அந்துப்பூச்சியை வேண்டுவது. அடுக்கடுக்காய் இதழ்பெருக்கிய செம்பருத்தியைத் தவிர்த்தல் நலம். மகரந்தத்தாள்களே இதழாய் மாறியமையின் அதிற் பூச்சிக்குக் கிடைப்பது அருகும். உண்ணிச்செடியை வண்ணத்துப்பூச்சிகள் மிக விரும்பும் என்பது மெய்யே. எனினும், அயல்நாட்டினின்றும் வந்து நம் காடுகளை அது அடர்த்தழித்தமை கருதி, அதனை நடுவாரோடு யாம் உடன்படேம்.

செடியைக்காட்டிலும் இன்றியமையாதது வெற்றுமண். தனித்தேனீக்களுட் பெரும்பாலன நிலத்தில் வளைதோண்டுவன என்றோம். இந்நாளில் நம் நகரங்களில் பூங்காவென்றால் முதல்வேலையாகப் பேவர் கற்களைப் பரப்பிவிடுகின்றனர். எஞ்சியவிடத்தில் புல்லை ஒட்டவைக்கின்றனர். வெயில்படும் ஒரு மண்திட்டு, சரிவாய், புல்லின்றி, மிதிபடாது இருத்தல் வேண்டும். பத்தடிக்கு ஐந்தடி இருப்பினும் போதும். பட்ட மரத்துண்டு ஒன்றைக் கிடத்திவைத்தால் தச்சுத்தேனீக்கு வீடாம். சருகினை எரிக்காது ஓரிடத்துக் குவித்தல் வேண்டும். இவையெல்லாம் செலவில்லாத செயல்கள். ஆனால் பார்ப்பவர்க்கு அசுத்தமென்று தோன்றுவன. இவ்வகைப் பூங்கா ஒன்றை ஆக்குவார் எதிர்கொள்ளும் முதற்போர் பணத்தோடன்று, 'ஏன் துப்புரவாய் வைக்கவில்லை' என்னும் கேள்வியோடுதான். பாதையின் இருமருங்கும் ஒரு முழ அகலத்திற்குச் செடிகளைச் சீராகக் கத்தரித்துவைத்தால், உள்ளே காடுபோல் விட்டது வேண்டுமென்றே விட்டது என்பது காண்பார்க்கு விளங்கிவிடும். சிறிய உபாயமே, ஆயின் நன்கு பயன்படுவது.

இனி, இத்துணைச் சிறு நிலத்தால் யாது பயன் என வினவலாம். சிறு தேனீக்கள் தம் வளையினின்றும் சில நூறு கெஜ தூரமே பறப்பன. அவற்றிற்கு நகரின் ஒருகோடியில் உள்ள பெருந்தோட்டத்தால் பயன் இல்லை. அடுத்தடுத்துப் பல சிறு பூங்காக்கள் இருப்பின், ஆற்றில் இட்ட மிதிகற்கள்போல அவை ஒன்றினின்று ஒன்றிற்குச் செல்ல வழியாம். பிரித்தானியாவின் நான்கு நகரங்களாகிய பிரிஸ்டல், எடின்பரோ, லீட்ஸ், ரெடிங் ஆகியவற்றைத் துருவி ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவொன்று எம்மைச் சிந்திக்கச் செய்தது. வீட்டுத்தோட்டங்களிலும், நகரமக்கள் குத்தகைக்கு எடுத்துக் கீரை பயிரிடும் பாத்திகளிலுமே பூச்சிகள் மிக்கிருந்தன; அவ்வீட்டுத்தோட்டங்களுள்ளும் செல்வர் வாழும் பகுதிகளிலேயே பூச்சிகள் மிகுதி. ஏழையர் தெருவில் தோட்டம் சிறிது, பூ அரிது, ஆகவே ஈயும் அரிது. மக்களிடையுள்ள ஏற்றத்தாழ்வு பூச்சியின் கணக்கிலும் பதிவாகின்றது. பொதுப்பூங்காவை எங்கே வைப்பது என்னும் கேள்விக்கு இதனுள்ளே விடை இருக்கின்றது.

இத்தகைய முயற்சிக்கு வரலாறும் உண்டு. இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், டவர் பாலத்தின் அருகே, சரக்குவண்டிகள் நிறுத்திக் கைவிட்ட ஒரு கட்டாந்தரை கிடந்தது. பறவைநூல் வல்லுநராகிய மாக்ஸ் நிக்கல்சனும் அவர்தம் கூட்டத்தாரும் அதனைக் குறுகிய காலத்திற்கென்று இரவலாகப் பெற்று, கல்லுங் கரடுமான தரையின்மேல் மண்ணைப் பரப்பி, ஒரு குளந்தோண்டி, காட்டுச்செடி விதைகளை விதைத்து, 1977-இல் பொதுமக்களுக்குத் திறந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனைச் சூழ்ந்த செடிகொடிகளைப் படமும் உரையுமாக வெளியிட்ட வில்லியம் கர்ட்டிஸ் என்பார் பெயரை அதற்கு இட்டனர். பிரித்தானிய நகரங்களில் இயற்கைச் சூழலுக்கென்றே உண்டாக்கிய முதற் பூங்கா இதுவே. வண்டியோசையின் நடுவே பள்ளிச்சிறார் குளத்தருகே குனிந்து தலைப்பிரட்டையைப் பார்த்தனர். இரவல்நிலம் இரவல்நிலமே, 1985-இல் உடையவரிடம் திரும்பச் சென்றது. இன்று அவ்விடத்தில் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன.

அதே 1985-ஆம் ஆண்டில், அந்நகரின் வடபால், கிங்ஸ் கிராஸ், செயிண்ட் பாங்கிராஸ் என்னும் இரு புகைவண்டி நிலையங்களின் பின்புறத்தே, ரீஜண்ட்ஸ் கால்வாய்க்கரையில் மற்றொரு பூங்கா திறக்கப்பெற்றது. காம்லி தெரு இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். பரப்பு இரண்டு ஏக்கரே. முற்காலத்தில் வடநாட்டினின்றும் வந்திறங்கிய நிலக்கரியைக் கொட்டிவைத்த களம் அது. புகைவண்டிக் கரிவாணிகம் குன்றியபின் வெறுநிலமாய்க் கிடக்க, பூந்தூறுகளும் முட்செடிகளும் தாமே முளைத்தன. அந்நாளில் நகராட்சி நடாத்திய பெருநகர் இலண்டன் சபையார் நிலத்தை வண்டிநிறுத்துமிடம் ஆக்கக் கருதியிருந்தனர். 1981-இல் தோன்றிய இலண்டன் வனவுயிர் அறக்கட்டளையாரும் அக்கம்பக்கத்தாரும் இடைவிடாது வேண்டியதன் பயனாகக் கருத்து மாறிற்று. குளம், நாணற்படுகை, சிறு மரச்சோலை, பூத்த புல்வெளி என்பன அவ்விரண்டு ஏக்கரில் அடங்கின.

அப்பகுதியில் வாழ்வார் செல்வர் அல்லர். அடுக்குமாடி வாடகைவீடுகளில் நெருங்கி வாழ்ந்த உழைப்பாளிகளும் பிறநாட்டினின்று குடிவந்தோருமே. நுழைவுக்கட்டணம் என்பது முதலினின்றே இல்லை. பின்னர் 1988-இல் புகைவண்டிப் பெருந்திட்டம் ஒன்று எழுந்து பூங்காவை விழுங்கப் பார்த்தது, எதிர்ப்பு வலுத்தது, முடிவில் அத்திட்டம் கைவிடப்பெற்றது. கடலடிச் சுரங்க இருப்புப்பாதை வேறு வழியாய் 2007-இல் செயிண்ட் பாங்கிராஸை அடைந்தது. பூங்கா 2017 முதல் புதுக்குதற்காக மூடப்பட்டு 2021-இல் மீண்டும் திறக்கப்பெற்றது. அதனைச் சூழ்ந்த பகுதி இக்காலத்தில் முற்றும் மாறி, பெருவாணிக அலுவலகங்களும் விலையுயர்ந்த வீடுகளும் நிறைந்த இடமாயிற்று. பழைய குடிகளின் பிள்ளைகள் இன்னும் தம்முடையதென்று அதனைக் கருதுகின்றார்களா என்பதே இனி அதற்கு உள்ள சோதனை. பூங்கா அழகுபெற்றால் வாடகை உயர்ந்து, யாருக்காக ஆக்கினோமோ அவரே பெயர்ந்துபோக நேர்தல் உலகத்துப் பல நகரங்களிற் கண்டதே.

மக்கட்பகுதிக்கு வருவாம். யாவர்க்கும் திறந்த வாயில் என்று எழுதிவைத்தால் யாவரும் வந்துவிடுவர் என்பது பொய். ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் 1990-களில் பூங்காக்களை ஆராய்ந்தோர், ஒன்பது வயதிற்கு மேற்பட்ட சிறுமியர் பூங்காக்களில் அருகிவிடுவதைக் கண்டனர். அவர்களை எவரும் தடுக்கவில்லை. நடுவே ஒரு பெரிய பந்தாட்டக்கூண்டு. அதற்கு ஒரே வாயில். உள்ளே வலிய சிறுவர். சிறுமியர் வாளா ஒதுங்கிவிட்டனர். 1999-இல் மார்கரெத்தன் என்னும் பகுதியில் இரண்டு பூங்காக்களை அந்நகராட்சியார் மாற்றியமைத்தனர்: கூண்டைப் பிரித்து வாயில்கள் பல வைத்தனர், கூட்டமாய் அமர இருக்கைகளும், வேறு வகை ஆட்டங்களுக்கு இடமும், நல்ல வெளிச்சமும் உண்டாக்கினர். சிறுமியர் திரும்பி வந்தனர். கண்ணுக்குத் தெரியாத வேலியை நீக்கக் கண்ணுக்குத் தெரியும் சிறு மாற்றங்களே போதியனவாயின.

நம் நாட்டிலோ அவ்வேலி பழையது. கோயிலைச் சூழ்ந்த பொதுத்தெருவில் நடக்கும் உரிமைக்கே 1924-இல் வைக்கத்தில் மக்கள் போராடவேண்டியிருந்தது. அந்நிலை சட்டத்தால் நீங்கிற்று. எனினும், பொதுவிடம் ஒன்றில் அஞ்சாது காலை நீட்டி அமர்வது இன்றும் எல்லார்க்கும் ஒப்ப வாய்த்ததன்று. சில பூங்காக்களில் நண்பகல் முழுதும் வாயிலைப் பூட்டிவைக்கின்றனர். கூலியாளும் தெருவாணிகரும் நிழல்தேடும் நேரம் அதுவே. இருக்கையின் நடுவே இரும்புத்தண்டு வைத்து எவரும் சாயவொட்டாது செய்கின்றனர். உறங்குவார், குடிப்பார், சூதாடுவார் வந்துவிடுவர் என்று அஞ்சுவாரை யாம் எள்ளவில்லை, அத்தொல்லை உண்மையே. ஆனால் பூட்டினால் விலகுவது குடியரன்று. அவர்கள் வேலியேறிக் குதிப்பர். விலகுபவர் முதியோரும் தாய்மாருமே. ஆள்நடமாட்டம் உள்ள பூங்காவே காவலுள்ள பூங்கா. அக்கம்பக்கத்தார் ஒருவரை மாதவூதியத்தில் தோட்டக்காரராய் அமர்த்துவது மதிலைக்காட்டிலும் பயன்தரும்.

வேண்டுவனவற்றைச் சுருங்கக் கூறுவாம். வாயிலிற் படி கூடாது. சக்கரநாற்காலி ஏறும் சாய்தளம், ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் அளவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். பாதை இரண்டு சக்கரநாற்காலிகள் ஒதுங்கும் அகலம் உடையதாய், இறுகிய மண்ணாலோ செம்மண் கலந்த சரளையாலோ ஆயிருப்பின் மழைநீரும் உள்ளிறங்கும். முதுகுச்சாய்வும் கைப்பிடியும் உள்ள இருக்கைகள், குடிநீர், கழிப்பறை என்பன பூச்செடிக்கு முன் வரவேண்டுவன. கழிப்பறை இல்லாத பூங்காவில் பெண்டிர் ஒரு நாழிகைக்குமேல் தங்கார். கண்பார்வை இழந்தார்க்கென்று, பாதையோரத்தில் இடுப்பளவு உயர்ந்த மேடையில் துளசியும் திருநீற்றுப்பச்சையும் மருக்கொழுந்தும் வைக்கலாம். பாத்திகள் சிலவற்றை அத்தெருக் குடும்பங்களுக்கே கத்தரி, வெண்டை, அவரை பயிரிட விட்டுவிடலாம். தச்சுத்தேனீ அவற்றைத் தேடிவரும்.

ஓரிடத்தில் மட்டும் பூச்சிக்கும் பெண்டிர்க்கும் வழக்கு நேர்கின்றது. அது விளக்கு. சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் இருண்ட புல்வெளிகளில் தெருவிளக்கு நட்டுப்பார்த்து, இரவிற் பூவை நாடும் பூச்சிகளின் வரவு 62 விழுக்காடு குறைந்ததென 2017-இல் வெளியிட்டனர். வேலைமுடிந்து இருட்டில் திரும்பும் ஒரு பெண்ணுக்கோ விளக்கில்லாப் பூங்கா பயன்படாது, அஞ்சத்தக்கதும் ஆகும். இருவருள் ஒருவரே தேர்க என்றால் யாம் பெண்ணின் பக்கமே நிற்போம். ஆனால் அத்தேர்வு வேண்டுவதன்று. பாதையோரத்தில் மட்டும், முழங்காலளவு உயரத்தில், மேற்புறம் மூடி ஒளி கீழே விழுமாறு, வெண்ணீலம் நீக்கிய மஞ்சள்விளக்குகளை வைத்து, செடிப்பகுதியை இருளாய் விட்டுவிடலாம். வானுயர்ந்த கம்பத்தில் பட்டப்பகல்போல் எரியும் விளக்கு எவர்க்கும் நன்மை செய்வதன்று. அதன் கூச்சத்தில் நிழலில் நிற்பவர் தெரியார்.

மற்றொரு வழக்கு கொசு. குளம் வெட்டினால் கொசு பெருகும் என்பர். தேங்கிய டப்பாவிலும் தொட்டியிலுமே கொசு பெருகும். நீர்த்தாவரமும் தட்டானும் உள்ள குளத்தில் தட்டானின் இளம்புழு கொசுப்புழுவைத் தின்றுவிடும். நகராட்சியார் அடிக்கும் கொசுப்புகையோ கொசுவையும் தேனீயையும் பிரித்தறியாது. பூங்காவினுள் பூச்சிமருந்தும் புகையும் புகாவென்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

எழுத்தில் வாங்கவேண்டுவது இன்னொன்றும் உண்டு. அதுவே எல்லாவற்றினும் பெரிது. சென்னையின் ஆளுநராயிருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-ஆம் ஆண்டளவில், நெருங்கிய கறுப்பர்நகரத்து மக்கள் காற்றுவாங்குதற்கென்று 116 ஏக்கர் பரப்பில் 'மக்கள் பூங்கா' ஒன்றை உண்டாக்கினார். பெயரே அதன் நோக்கத்தைக் கூறும். பின்னர், பொதுநன்மை என்னும் பெயராலேயே அது துண்டுதுண்டாயிற்று. 1900-இல் மூர் மார்க்கெட் எழுந்தது. 1913-இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பெற்றது. 1985-இல் மூர் மார்க்கெட் தீயில் அழிய, அவ்விடத்தைப் புகைவண்டிநிலையம் கொண்டது. 1993-இல் நேரு விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கின் வேண்டுவதே. திருடன் வந்து கொண்டுபோனதன்று. நல்லோர் நல்ல காரியத்திற்காக ஒவ்வொரு கைப்பிடியாய் எடுத்ததே. இன்று அப்பூங்காவென்று சுட்டிக்காட்ட எஞ்சியது மிகச் சிறிது. அரை ஏக்கரோ ஒரே கைப்பிடி. ஆதலின் நிலத்தை எவர்க்கும் மாற்றொணாதபடி பூங்காவென்று பதிவுசெய்த பின்னரே முதற்குழி தோண்டுதல் தகும்.

நடுதற்குக் காலம் ஆடி, ஆவணி. ஐப்பசி மழைக்குள் வேர்பிடித்துவிடும். முதலாண்டில் காண்பதற்கு ஒன்றும் இராது. குப்பைமேடு குச்சிமேடாயிற்று என்று நகைப்பாரும் உளர். வாயிலில் ஒரு கரும்பலகை வைத்து, அவ்வாரம் வந்த பூச்சியின் பெயரைத் தெருப்பிள்ளைகளையே எழுதச்செய்யலாம். 2019-இல் நம் மாநிலத்தின் வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்ற தமிழ் மறவனை அங்கே எதிர்பார்த்தல் வேண்டா, அது மலைக்காடுகளுக்குரியது. எலுமிச்சைச்செடி முழங்காலளவு வளர்வதற்குள்ளேயே அதன் இலை ஓட்டைபடத் தொடங்கும். அப்போது தோட்டக்காரர் மருந்துக்குப்பியைத் தேடாதவாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.